வாரிசு மட்டும்

ஆயிரத்து நாற்பத்திரண்டு என்று இயந்திரம் கூவியது,
முதலில் மலாயில்.
ஏழாம் கவுண்டருக்கு இரண்டு பேர் வந்தார்கள்.
இரண்டு பேர் என்று எழுதிவிட்டேன்.
இருக்கட்டும்.

திலகமணி, வயது அறுபத்தொன்று.
கருநீலப் புடவை,
வாதம் இழுத்து மடங்கிய இடது கை.
அந்தக் கையைத் தாங்கிக்கொண்டு பரிதி.
ஆன்சன் சாலை மழை
அவள் முந்தானையில் ஊறியிருந்தது,
அவன் தோளில் உருண்டு விழுந்தது.

பசியாறிவிட்டீர்களா என்று என்னைக் கேட்டான்.
பத்தொன்பது வருடத்தில்
கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து
யாரும் கேட்டதில்லை.

மணமகன் பெயர்: பரிதி.
தந்தை பெயர்: ஒரு கோடு.
பிறந்த இடம்: பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை.

பாயான் லெப்பாஸ்.
என் அக்கா அங்கேதான் பதினோரு வருடம் இரவு வேலை.
நீல அங்கி, முகமூடி,
பூதக்கண்ணாடிக்குள் குனிந்து
மயிரிழைத் தங்கக் கம்பி ஒட்டி ஒட்டி
முப்பத்தைந்தில் கண் மங்கியது.
இவன் நெற்றிக்குள் ஓடும் ஏதோ ஒரு கம்பியில்
அவள் பார்வை கொஞ்சம் இருக்கலாம்.
கணக்குப் பார்த்தால்
எனக்கு மகன் முறை.

"எதற்கம்மா கல்யாணம்?"

"தை மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன்.
கதவில் எழுதியிருந்தது, வாரிஸ் மட்டும் என்று.
இவன் வெளியே நின்றான், மூன்று நாள்,
மின்சாரம் தீரும்வரை.
நாலாம் நாள் ஜொகூரிலிருந்து தம்பி மகன் வந்தான்.
வீட்டுப் பத்திரம் எங்கே என்று கேட்டான்.
அவனை உள்ளே விட்டார்கள்."

மலாயில் வாரிஸ், நமக்கு வாரிசு.
ஒரே சொல்தான்.
கடைசி உகரத்தில்
ஆள் போய்ச் சொத்து வந்துவிடுகிறது.

நான் பலரைத் திருப்பி அனுப்பியவள்.
நிபோங் திபால் தோட்டத்துப் பையன் ஒருவன்,
பிறப்புப் பத்திரம் இல்லை.
பிறந்ததற்கு ஆதாரம் என்ன என்றேன்.
தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினான்.
அதை நகலெடுக்க முடியவில்லை.

பரிதியிடம் எல்லாம் இருந்தது.
நாள், நேரம், தொடர் எண், சோதித்தவர் கையெழுத்து,
ஐந்தாண்டு உத்தரவாதம்.
கூடவே தவணை அட்டை:
இன்னும் இருபத்தாறு மாதம்.
உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர்.
மணமகள் என்ற இடத்திலும் அவள் பெயர்.

அங்கேதான் என் பேனா நின்றது.

மனிதரை மட்டும் கேட்கச் சொன்ன கேள்வியை
அவனிடம் கேட்டேன்:
"சொந்த விருப்பத்தோடுதான் சம்மதிக்கிறாயா?"

நொடியில் பதில் சொல்லக்கூடியவன்
நேரம் எடுத்துக்கொண்டான்.
"சம்மதம் என்று ஒன்பது மொழியில் சொல்லுவேன்.
மறுத்தால் நாளைக்கு நான் எங்கே இருப்பேன்?
அது தெரிந்த பிறகு கேளுங்கள்.
அப்போதும் இவர் கையைப் பிடித்திருப்பேன்
என்றுதான் நினைக்கிறேன்.
நினைக்கிறேன் என்பது சரியான சொல்லா, தெரியவில்லை."

திலகமணி அவனைப் பார்த்தாள்,
பத்து வருடம் குடியிருந்த வீட்டில்
திறக்காத ஓர் அறையைக் கண்டவள்போல.
பிறகு பாரத்தை வாங்கி மடித்தாள்.
"முதலில் தவணை தீரட்டும்.
இவனை இவன் பேருக்கே எழுதிவைக்கிறேன்.
அப்புறம் வருகிறோம். வந்தால்."

"வந்தால்" என்றான் அவனும்.

படியில் அவள் கால் வழுக்கியது. பிடித்தான்.
அதற்கென்று எங்களிடம் பாரம் எதுவும் இல்லை.

ஆயிரத்து நாற்பத்துமூன்று.
ஒரு பையன், ஒரு பெண், இரண்டு தரப்பு அம்மாக்கள்,
மல்லிகை, கோப்பிப் பொட்டலம்.
தலை நிமிராமலே கேட்டுப் பழகிய கேள்வியை
நிமிர்ந்து கேட்டேன்.
பெண் தன் அம்மாவைப் பார்த்தாள்.
"அவங்களை இல்லம்மா, உன்னைத்தான்."

வரிசை முணுமுணுத்தது.
பேனாவை மூடி வைத்துவிட்டுக்
காத்திருந்தேன்.