கூட்டக் குறிப்பு

மாதக் கடைசி ஞாயிறு
கோட்டைப் பக்கத்து மண்டபத்தில் ஐந்து பேர்.
எழுபத்தாறில் ஒன்றா எண்பத்தேழில் ஒன்றா,
அளவில் தொடங்கும் சண்டை.
எஞ்சினின் சிவப்பு இந்தச் சிவப்பில்லை என்று
மெல்றோய் ராகல் பிளேன்டியை வைத்துவிட்டு எழும்புவார்.
"மட்டக்களப்பில சின்னக் கோச்சி செய்யிற ஆக்கள்
நாங்கதான்."
அப்படியே எழுதிக்கொண்டேன். செயலாளர் நான்.

மற்ற நாளில் பஜாரில் மோட்டார் விற்கிறேன்,
பெருவிரல் பருமன், மூன்று வோல்ட்.
போன வருசம் இருநூற்றுப் பதினொன்று.
ஐந்து பேருக்கு இத்தனை எதற்கு?

ஏறாவூர் நர்ஸ் சுலைஹா
இரவு வேலை முடிந்து வந்து இரண்டு வாங்குவா.
மருந்துப் பெட்டிதான் கோச்சிப் பெட்டி.
"ஓடினாச் சரி."
ஐஸ் லொறித் தவேந்திரன்
கட்டிலுக்கடியில் புனானை வரை பாதை போட்டுவிட்டான்,
காடும் உண்டு. யானை?
"அது தன்பாட்டில வரும்."
கூட்டத்துக்கு வரச் சொன்னேன்.
அங்க என்ன கதைக்கிற என்று கேட்டான்,
பதில் வரவில்லை எனக்கு.

ஐந்தை வெட்டி அறுபது என்று எழுதினேன்.
கொஞ்சம் பெருமையாயும் இருந்தது.

நேற்றுக் கல்லடியில் பஸ்ஸுக்கு நிற்கையில்
மதிலுக்கு அந்தப்பக்கம் ஒருத்தி,
நாற்பது வயதிருக்கும்,
பக்கத்தில் பிள்ளைகள் யாருமில்லை.
ஏழு மீன் ரின், கம்பிக் கொளுவல், சோடா மூடிச் சில்லு,
மணலில் விரலால் இழுத்த இரட்டைக் கோடு.
வாயாலேயே கூவி
வளைவில் வேகம் குறைத்து
தள்ளிக்கொண்டு போனாள்.

மோட்டார் வேண்டாதவள்
என் கடைக்கு ஏன் வரப்போகிறாள்?

அறுபதையும் வெட்டினேன்.
"எத்தினை எண்டு போட்டனீர்?"
பேனையைத் திறந்து வைத்துக்கொண்டு
ராகல் கேட்கிறார்.