இந்த ராத்திரிக்கு மட்டும்

பன்னிரண்டு வழி பியூஸ் பெட்டி கேட்டேன்.
ஓட்டமாவடிக் கடைக்காரர்
ஆறு வழியை எடுத்து மேசையில் வைத்தார்.
"ஒரு நாள் போட்டுக்கு இது காணும்."

காணாது.
முன்விளக்கு, பின்விளக்கு, மீன்காட்டி,
ஜிபிஎஸ், ரேடியோ,
அடித்தண்ணி இறைக்கும் பம்பு.
ஆறும் முடிந்தது.
இனி உதுமாலெவ்வையின் மருமகன்
ஒரு பாட்டுப்பெட்டி கொண்டுவருவான்.
இன்றைக்கு இல்லாவிட்டால் பெருநாளைக்கு.
அவனுக்கென்று ஒரு வழி இல்லையென்றால்
பம்பின் வயரில்தான் போய்த் தொங்குவான்.

மூடி இறுக்கமாய் விழுகிறதா என்று
நாலு தரம் மூடித் திறந்தேன்.
திருகாணியை நகத்தால் சுரண்டினேன்:
பித்தளையா, பித்தளை நிறமா?
கடைக்காரர் பெருமூச்சு விட்டார்.
நான் சுரண்டாவிட்டால்
உப்பு சுரண்டும், அண்ணே.

வாழைச்சேனைத் துறைமுகத்தில்
வாடைக்கு முந்திய வெயில்.
'கடல் மைனா' கயிற்றில் அசைந்துகொண்டிருந்தது.
பற்றறியின் வாயைக் கழற்றி வைத்துவிட்டு
பழைய பெட்டியைத் திறந்தேன்.

பம்பின் இடத்தில்
கண்ணாடி பியூஸைச் சுற்றி
சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்.
அதன் மேல் நீல நாடா, சூட்டில் பழுத்து.
பெட்டியின் பிளாஸ்டிக் மெழுகாய் இறங்கி,
பின்னாலிருந்த பைபரில்
உள்ளங்கை அளவு கறுப்பு.
இன்னும் ஒரு கடல்,
இன்னும் ஒரு நீண்ட இறைப்பு,
அவ்வளவுதான் மிச்சம்.

எந்த மடையன் என்று ஏசினேன்.
அவன் ஆத்தாளையும் விடவில்லை.

நாடாவை உரித்தேன்.
இலேசாய் வந்தது.
நுனி உள்ளே மடித்திருந்தது,
பிறகு கழற்றுகிறவனுக்கு விரல் பிடிக்க.

இந்தத் துறையில்
நாடா நுனியை அப்படி மடிக்கிறவன்
ஒருத்தன்தான்.

அந்நேரம் என் அம்மாவுக்கு
விக்கல் எடுத்திருக்கும்.

போன வருசத்துக்கு முதல் வருசம், மார்கழி.
கடையெல்லாம் பூட்டு.
போட்டுக்குள் கணுக்கால் தண்ணி.
என் சட்டைப்பையில்
இரண்டு சிகரெட் மிச்சமிருந்த பெட்டி.

உதுமாலெவ்வை அணியத்திலிருந்து
வலை பிரித்துக்கொண்டிருந்தார்.
போய்ச் சொன்னேன்.
வெள்ளித்தாளை அவர் கையில் வைத்தேன்.
பார்த்தார். மணந்து பார்த்தார்.
"தெரியும்கா. இந்த ராத்திரிக்கு மட்டும் எண்டுதானே சொன்ன நீ."
வலையில் ஒரு முடிச்சை அவிழ்த்தார்.
"நானும் ராத்திரிய எண்ணயில்ல."

அதற்குப் பிறகு இரண்டு பேரும்
கனநேரம் ஒன்றும் பேசவில்லை.

புதுப் பெட்டியை
தண்ணி தெறிக்காத உயரத்தில்,
கண்ணுக்கு நேரே பூட்டினேன்.
ஒவ்வொரு வயரையும் கீழே தொங்கவிட்டு
மேலே வளைத்து உள்ளே கொடுத்தேன்.
ஈரம் வழிந்தால்
அடிவளைவில் சொட்டிப் போகட்டும்.
பற்றறிக்கு ஒரு சாண் தள்ளி மெயின் பியூஸ்.
பம்புக்கு மட்டும்
மெயின் சுவிச்சைத் தொடாத தனி வழி, தனி பியூஸ்.
ஆளில்லா இரவிலும் அது விழித்திருக்க வேண்டும்.

மருமகன் வந்து நின்றான்.
"முப்பது போடுங்கோ, எரியாது."
எரியாதுதான், தம்பி.
இந்த வயர் பதினைந்துக்கு மேல் தாங்காது.
முப்பதைப் போட்டால்
பியூஸ் எரியாது, வயர்தான் எரியும்.
முன்னுக்கிருந்து பின்னுக்கு
போட் நீளத்துக்கும் ஒரு பியூஸ்.
அவன் தலையாட்டினான்.
விளங்கியதோ என்னவோ.

கடைசியில், வேண்டுமென்றே,
பம்பின் வயரைப் பூமிக் கம்பியில் தொட்டேன்.
டிக்.
நீலப் பியூஸுக்குள் ஒரு மயிரிழை
அறுந்து கிடந்தது.
வேறொன்றும் நடக்கவில்லை.
அதைவிட நல்ல செய்தி
இந்த வருசம் நான் கேட்கவில்லை.

கூலி வாங்கினேன், பெட்டிக்குக் காசு வாங்கவில்லை.
அவர் ஏன் என்று கேட்கவும் இல்லை.

ஏறிப் போகமுன்
மூடியின் உள்பக்கத்தில்
ஐந்து நீலம், ஐந்து சிவப்பு,
நாடாவால் ஒட்டினேன்.
நுனியை மடித்து விட்டேன்,
இருட்டில் தேடும் விரலுக்கு.