கடுகளவு

தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.
அதைத்தான் யாரும் நம்ப மறுக்கிறார்கள்.
புந்தா அரேனாஸ், நண்டு ஆலை, உடைமாற்றும் அறை.
கரைசல் புட்டி காலி. வாசலில் பஸ் உறுமுகிறது.
குழாயைத் திறந்து லென்ஸை அலசினேன்.
ஒரே ஒரு முறை.

எட்டாம் நாள்
இடது கண்ணில் யாரோ உப்பை வைத்துத் தேய்த்தார்கள்.
திரையை மூடு என்று கத்தினேன்.
மூடித்தான் இருக்கிறது என்றான் ஒஸ்வால்தோ.
பிறகு மணிக்கொரு சொட்டு, ராத்திரியும்.
அலாரம் வைத்து எழுந்து மருந்து விட்டவன்
ஒருநாள் நின்றபடியே தூங்கிப்போனான்,
சொட்டு என் மூக்கில் விழுந்தது.
டாக்டர் கருவியிலிருந்து முகத்தை எடுக்காமலே
தண்ணீர் பட்டதா என்று கேட்டார்.
இல்லை என்றேன்.
மறுவாரம்தான் உண்மை வாயில் வந்தது.

மிஞ்சியது கடுகளவு தழும்பு.
தெருவிளக்குகள் அதனால்
தலையை விரித்துப்போட்டு நிற்கின்றன.

கண்ணாடி போட்டால் கொதிகலன் ஆவியில் குருடு.
ஆகவே இன்னும் லென்ஸ்தான், வலது கண்ணுக்கு மட்டும்,
டாக்டர் ரொம்ப யோசித்துக் கொடுத்த சம்மதம்.
சோப்பு. விரலிடுக்கு. நகக்கண்.
நகத்துக்கும் கண் உண்டு, அதைக் கழுவாமல்
இந்தக் கண்ணைத் தொடுவதில்லை.
கையில் ஒரு பொட்டு ஈரம் மிஞ்சக் கூடாது.
உள்ளங்கையில் லென்ஸ், அதன்மேல் புதுக் கரைசல்,
பூவிதழைத் தடவுவதுபோல என்று சொல்ல ஆசை,
உண்மையில் மீன் செதில்.
நேற்றைய சூப்பின் மேல் இன்றையதை ஊற்றுவதில்லை.
டப்பி கவிழ்ந்து காய வேண்டும், மூடி தனியாக.
அதன் முதுகில் தேதி எழுதியிருக்கிறேன்:
மூன்று மாதம், பிறகு குப்பை.
தூங்குமுன் கழற்றிவிட்டாயா என்று
ஒஸ்வால்தோ இன்னமும் இருட்டில் கேட்கிறான்.

நேற்று யாஸ்னாவின் லென்ஸ் தரையில் விழுந்தது.
ஈரத் தரை, நண்டோட்டுத் துணுக்கு.
முட்டிபோட்டுத் தேடி எடுத்தாள்.
நாக்கில் வைத்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
அவள் வாய்க்குக் கீழே கையை ஏந்தினேன்.
என் கையைப் பார்த்தாள்,
என் இடது கண்ணைப் பார்த்தாள்.
துப்பினாள்.

ஷிஃப்ட் முழுக்க ஒற்றைக் கண்ணால்
நண்டுக் கால் எண்ணினாள்.
ஆறா, எட்டா என்று கேட்டாள்.
கண்ணில் பட்டதை எழுது என்றேன்.
அந்தச் சிரிப்பில் மேஸ்திரி எங்களைத் தள்ளித் தள்ளி நிறுத்தினார்.

காலை ஏழு மணி.
ஜூலையில் விடியப் பத்தாகும்.
ஜலசந்திக் காற்று சாய்த்துத் தள்ள, கைகோத்து நடந்தோம்.
அவளுக்கு வலப்பக்கம் மங்கல், எனக்கு இடப்பக்கம்.
இருமுறை இடம் மாறிப் பார்த்துவிட்டு
நல்ல கண்கள் இரண்டையும் வெளிப்பக்கம் வைத்துக்கொண்டோம்.
நடுவில் யாரும் பார்க்காத ஒரு துண்டு இருட்டு
எங்களோடு வந்தது.

மருந்துக்கடை இன்னும் திறக்கவில்லை.
கரைசல் என்ன விலை என்றாள். சொன்னேன்.
கொள்ளை என்றாள்.
கொள்ளைதான் என்றேன்.
நின்றோம்.