நாலு பவுண்டு

அந்தக் குளிர்காலம் முழுக்க
டார்பி நகரத்து எஞ்சின் தொழிற்சாலையில்
கோழி வாங்குவது என் வேலை.
நிக்கலுக்கும் டைட்டானியத்துக்கும் கிழிக்கிற
அதே ரசீதுப் புத்தகத்தில் எழுதுவேன்:
கோழி ஒன்று. இறகு உரிக்காதது. நாலு பவுண்டு.
எடையும் பவுண்டு, பணமும் பவுண்டு.
கணக்கர் ஆர்னால்ட் ஹேலம் ஒருமுறை
எடையைப் பணத்தோடு கூட்டிவிட்டு
மதியம் வரை பிழையைத் தேடிக்கொண்டிருந்தார்.

கறிக்கடை ஸ்பென்ட்லவ் கேட்டார்:
"யாருக்கம்மா அங்கே தினமும் விருந்து?"
வெளியே சொல்லக் கூடாது, கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
"புது ஆள். வாய் பெரிசு" என்றேன்.
பொய்யில்லை.
ஏழடி அகல வாய்.
முந்நூறு பேரைக் கடல் தாண்டித் தூக்கக்
காற்றை அள்ளி அள்ளி விழுங்கும் வாய்.

பறவைக்கும் அலகு,
எங்கள் விசிறிக்கும் அலகு.
கார்பன் இழையைப் பிசினில் தோய்த்து
பாய்மேல் பாயாக அடுக்கிச் சுட்டது.
ஒற்றைக் கையில் தூக்கலாம்;
மேற்பார்வையாளர் திரும்பிய நேரம்
நானே தூக்கிப் பார்த்தேன்.
நெடுக்கே இழுத்தால் எஃகு தோற்கும்.
குறுக்கே அடித்தால்?

அதற்குத்தான் கோழி.
நீளக் குழாய். அடைத்த காற்று. சுழலும் விசிறி.
கோழி மிதித்துக் குஞ்சு சாகுமா?

மாடியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன்.
தொம்.
தேநீர்க் கோப்பைகள் ஒருமுறை பல்லைக் கடித்தன.
பிறகு நிசப்தம்.
பிறகு, யாரும் படியேறி வராத சத்தம்.

மறுநாள் இன்னொரு ரசீது.
அடுத்த வாரம் இரண்டு.

எழுபத்தொன்று பிப்ரவரியில் தொழிற்சாலை திவாலானது.
அதே மாதம் நாட்டில் ஷில்லிங்கும் ஓய்ந்தது.
கடன்காரர் பட்டியலை நான்தான் தட்டச்சு செய்தேன்:
லட்சங்கள், லட்சங்கள்,
நடுவில் ஸ்பென்ட்லவ், பதினொரு கோழி.
மூன்றுமுறை அந்த வரியில் விரல் தவறியது.
சனிக்கிழமை என் பர்ஸிலிருந்து
பழைய நாணயமாகவே கொண்டுபோய்க் கொடுத்தேன்.
எண்ணாமல் பெட்டியில் போட்டார்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஈரல் கொஞ்சம் காகிதத்தில் சுற்றித் தந்தார்.

அரசாங்கம் கதவைத் திறந்தது.
டைட்டானிய அலகு வந்தது; கனம்; ஒற்றைக் கைக்கு அடங்காது.
தொம் என்றது. நின்றது.
கோழிக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

ஆர்னால்டைத் திரும்பக் கூப்பிடவில்லை.

எட்டு வருஷம் கழித்து டொரான்டோவுக்குப் போனேன்,
தங்கை வீட்டுக்கு.
இரண்டு நடைபாதை வைத்த விமானம்,
எந்தப் பக்கம் போவதென்று ஒரு கணம் நின்றேன்.
ஜன்னலுக்கு வெளியே அது தொங்கிக்கொண்டிருந்தது,
எங்களுடையதா என்று கேட்கத் தோன்றவில்லை.
உள்ளே போகிற காற்றில் ஐந்து பங்கு
நெருப்பைத் தொடாமலே சுற்றிக்கொண்டு போகும்.
தள்ளுவதில் பெரும்பகுதி அதுதான்.
எரிவது ஒரு பங்கு.
இதை எனக்கு விளக்கியவர் ஆர்னால்ட்,
ரசீதின் பின்புறம், பென்சிலால், வட்டம் போட்டு.

தள்ளுவண்டி வந்து நின்றது.
"கோழியா, மீனா, மேடம்?"

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு.
பக்கத்து இருக்கைக்காரர் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார்.
அந்தப் பெண் பொறுமையாக நின்றாள்.
மீன், என்றேன்.
எடை எவ்வளவு என்று கேட்கவில்லை.