எண்பது

முதலில் டச்பேட் லேசாக மேலே வந்தது,
எண்ணெயில் விழுந்த பூரி
உப்புவதற்கு முன் ஒரு கணம் நெளியுமே, அப்படி.
நான் கவனிக்கவில்லை. அன்று இருபதாம் தேதி.
பதினோரு கடைகளின் ஜி.எஸ்.டி. என் தலைமேல்.

மறுநாள் மூடி மூடவில்லை.

ரிச்சி தெருவில், மாடிப்படிக்குக் கீழே,
ஒரு மேசை அகலமே உள்ள கடையில்
இம்தியாஸ் பின்பக்கத்தைக் கழற்றினான்.
பேட்டரி குட்டித் தலையணையாகக் கிடந்தது.
"அமுக்காதீங்க" என்றான்.
அமுக்கத்தான் விரலை நீட்டியிருந்தேன்.
பொங்கும் பாலை இறக்குகிறவன் கவனத்தோடு
அதை மணல் வாளிக்குள் இறக்கிவிட்டு,
"எந்நேரமும் சொருகியே வெச்சிருப்பீங்களா?"

ஆமாம்.
மூன்று வருடமாக, இரவும் பகலும்.
நூறு என்று பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

ஏன் என்று அவன் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்:
வேளச்சேரியில் நாங்கள் முதல் மாடி.
கீழ்வீட்டு ஃபிரிட்ஜ் மிதந்து வந்து
எங்கள் படிக்கட்டில் முட்டிக்கொண்டிருந்த டிசம்பர்.
ஃபோனில் மூன்று சதவிகிதம்.
ஓசூரிலிருந்து அண்ணன் கூப்பிட்டான்.
"உயிரோட" என்று தொடங்கினேன்.
திரை கறுத்தது.

மீதிச் சொல் போய்ச் சேர நான்கு நாள்.
அந்த நான்கு நாளும்
அவன் அதை எப்படியெல்லாம் முடித்துப் பார்த்தானோ.

இம்தியாஸ் புது பேட்டரியின் விலையைச் சொன்னான்.
பேரம் பேசினேன்; பயனில்லை.
"எண்பது வந்தா எடுத்துடுங்க.
இருபதுக்குக் கீழ எறங்க விடாதீங்க.
நூறுலயே நிக்க வெச்சு, சூட்லயும் போட்டா
அது மூச்சுமுட்டிப் போயிடும்."
தானாக எண்பதில் நிற்கும் வசதி
புது மாடல்களில் இருக்கிறதாம்.
"உங்களது பழசு. நீங்கதான் நிறுத்தணும்."

தேய்மானம் என்று ஒரு வரி எழுதச் சொல்லி
எத்தனை கடைக்காரர்களோடு சண்டை போட்டிருக்கிறேன்.
என் கணக்கில் அந்த வரி இருந்ததே இல்லை.

மொட்டை மாடிக்கு நேர் கீழே வீடு.
மே மாதம் குழாயைத் திறந்தால் வெந்நீர்.
மெத்தைமேல் வைத்து வேலை பார்ப்பதை விட்டேன்.
இரண்டு இட்லித் தட்டுகளைக் கவிழ்த்து
அவற்றின்மேல் லேப்டாப்பை ஏற்றினேன்,
ஓட்டைகள் வழியே காற்று போகட்டும் என்று.
"இன்னிக்கு டிபன் இதானா?" என்றாள் ரெபேக்கா.

எண்பதில் பிடுங்குவது சுலபமில்லை.
திருட்டுத்தனமாக இரண்டு சேர்த்துக்கொள்வேன்,
எண்பத்திரண்டில் என்ன வந்துவிடும் என்று.
சொருகியபடியே தூங்கிவிட்டால்
பெருங்குடி கால் சென்டரிலிருந்து
விடியற்காலை நான்கு மணிக்கு வருகிறவள்
பிடுங்கிவிட்டுச் சீட்டு ஒட்டிவைப்பாள்:
'97. வெட்கமா இல்ல?'

நவம்பர்.
வங்கக்கடலில் தாழ்வழுத்தம் என்றார்கள்.
இரவு பத்துக்குத் தெருவிளக்கு ஒருமுறை போய் வந்தது.
ஜன்னல் கம்பியில் மழை.
எழுபத்தொன்பது.
எண்பது.
கை பிளக் வரை போனது.

இம்தியாஸ், ஒரு நாள் பரவாயில்லைதானே?

எண்பத்தாறு. தொண்ணூற்று மூன்று.
நான் படுக்கவே இல்லை.

நான்கு மணிக்கு ரெபேக்கா வந்தாள்,
செருப்பு கையில், முழங்கால்வரை சாக்கடைத் தண்ணீர்.
பிளக்கைப் பார்த்தாள்.
பிடுங்கவில்லை.
தன் ஃபோன், பவர் பேங்க், எமர்ஜென்சி லைட்
எல்லாவற்றையும் அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்
வரிசையாகச் சொருகிவிட்டு
அப்புறம்தான் கால் கழுவப் போனாள்.
உள்ளேயிருந்து கேட்டாள்:
"அண்ணனுக்கு மெசேஜ் போட்டியா?"

போட்டேன்.
முழு வாக்கியமாக.

புயல் ஆந்திரா பக்கம் திரும்பிவிட்டது.
காலையில் ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில்.
இட்லித் தட்டின்மேல் நூறோடு காத்திருந்ததை
பிளக் இல்லாமல் திறந்து,
ஒரு வளையல் கடையின் கணக்கை எடுத்து,
மெல்ல மெல்லக் கீழே இறக்க ஆரம்பித்தேன்.