நாற்பத்துமூன்று

வாளையாறு செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம்
பஞ்சர் கடையைத் தாண்டினால் என் பட்டறை.
போர்டு வைக்கவில்லை.
பாஸ் பொட்டி செய்கிற பொம்பளை என்றால்
டீக்கடையில் யாரும் கை காட்டுவார்கள்.

செவ்வாய் மதியம் ஹக்கீம் வந்தான்,
மதுக்கரை சிமெண்ட் ஏற்றிய பன்னிரண்டு வீல் வண்டி.
புதுநகரத்து ராவுத்தர் வீட்டுப் பையன்,
ரெண்டு மொழியையும் ஒரே கியரில் ஓட்டுகிறவன்.
"படுக்கைக்கு அடியில பன்னிரண்டு இஞ்ச் ஒண்ணு.
சத்தம் வேண்டாம் அக்கா, அடி வேணும்."

எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.
அப்புறம் கண்ணாடி அதிரவில்லை என்று திரும்பி வருவார்கள்.

ஒரு பக்கம் ஜாக்கி, ஒரு பக்கம் ஸ்டவ்.
மிச்சத்தில் கிடைத்தது ஐம்பத்தைந்து லிட்டர் காற்று.
பெரும்பாவூர் பிளைவுட், பதினெட்டு எம்எம்.
தும்மிக்கொண்டே அறுத்து, பசை தடவி,
திருகு போட்டு, உள்ளே குறுக்குக் கட்டை நிறுத்தினேன்.
மூலைக்கு மூலை ஊதுபத்தி காட்டினேன்; சாமிக்கில்லை.
புகை நெளிகிற இடத்தில் கசிவு.
ஒன்று இருந்தது. என் அளவுப் பிழைதான். அடைத்தேன்.

பிறகு துவாரம். நாலு இஞ்ச் பிவிசி குழாய்.
நீளமானால் குரல் இறங்கும், அறுக்க அறுக்க ஏறும்.
அறுத்ததை ஒட்ட முடியாது,
அதனால் தையல்காரன் மாதிரி துணி விட்டே தொடங்குவேன்.

"மூடின பொட்டிக்கு எதுக்கு ஓட்டை?"
வெளியே மலையைக் காட்டினேன்.
நீலகிரி ஒரு பலகை, ஆனைமலை ஒரு பலகை,
நடுவில் பாலக்காட்டுக் கணவாய்.
"ஆடியில உன் தார்ப்பாயக் கிழிக்கிற காத்து
வேற எது வழியா வருதுங்கிறே?"
அவன் சிரிக்கவில்லை.
போன ஆடியில் நிஜமாகவே கிழிந்ததாம்.

போனில் ஒற்றை ஸ்வரம் ஓடவிட்டு
கூம்பின் மேல் ஒரு சிட்டிகை ரேஷன் அரிசி போட்டேன்.
ஐம்பதில் குதித்தது. நாற்பதில் குதித்தது.
முப்பத்துநாலில் படுத்துவிட்டது.
சரியான எண்ணில் கூம்பு நிற்கும்,
துவாரம் மூச்சுவிடும்.
ஹக்கீம் பையிலிருந்து விழாத லாட்டரி சீட்டு ஒன்றை வாங்கி
குழாய்க்கு முன்னால் பிடித்தேன், படபடத்தது.
அந்தச் சீட்டு செய்த முதல் வேலை.

போதும் என்றேன்.
அவன் துண்டை உதறி வீசிக் காட்டினான்.
இடது கதவிலிருந்து கிளி இறங்கினான்,
கிளீனருக்கு அந்தப் பக்கம் அதுதான் பெயர்.
வேலப்பன். பிறந்ததிலிருந்தே காது கேளாது.
"ரிவர்ஸ்ல அவன் கதவைத் தட்டுவான், எனக்குக் கேக்கும்.
நான் திருப்பிக் கூப்பிடணும்னா?"

வண்டியை ஸ்டார்ட் செய்தோம்.
வேலப்பன் பலகையில் உள்ளங்கையை வைத்தான். இல்லை.
செருப்பைக் கழற்றிவிட்டு கேபின் தரையில் நின்றான். இல்லை.
எஞ்சினைக் காட்டினான், பொட்டியைக் காட்டினான்,
ரெண்டு சுட்டுவிரலையும் பின்னிக் காட்டினான்.
எனக்குப் புரிய ஒரு டீ ஆயிற்று.

நிற்கிற எஞ்சினின் நடுக்கமும் அதே முப்பத்துநாலு.
என் பொட்டி சொன்னதெல்லாம்
அவன் பாதத்துக்கு எஞ்சின் சொன்னதாகவே பட்டிருக்கிறது.

குழாயை உருவி ஒரு இஞ்ச் அறுத்தேன். உதட்டைப் பிதுக்கினான்.
இன்னொன்று. இன்னும் ஒன்று.
வளையல் வளையலாய் பிவிசி தரையில் விழுந்தது,
என் மகள் பொறுக்கிக் கையில் போட்டுக்கொண்டாள்.
ஆறரை இஞ்சில் ஹக்கீம் பட்டனை அமுக்கியபோது
வேலப்பன் சட்டென்று திரும்பினான்
யாரோ பேர் சொன்ன மாதிரி.

என் காதுக்கு அது தடித்த சத்தம்,
தகரத்தை உதைத்தது போல.
போட்டிக்குக் கொண்டுபோனால் மார்க் விழாது.
ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று யோசித்து ஒட்டினேன்.
பாக்கி ஆயிரத்து இருநூறு, ஓணத்துக்கு என்றான்.

ராத்திரி ஷட்டரை இறக்கும்போது
செக்போஸ்ட் வரிசையில் சிமெண்ட் வண்டி நின்றிருந்தது.
உள்ளேயிருந்து ரெண்டு அடி.
இடது கதவில் ரெண்டு தட்டு.
கொஞ்ச நேரம் கழித்து ஒரு அடி. மூன்று தட்டு.
முன்னால் போன வண்டி இடம் விட்டும்
இவர்கள் நகரவில்லை.
சும்மா பேசிக்கொண்டிருந்தார்கள்.