பதினொன்றாம் அத்தியாயம்

ஜெலுத்தோங் அடுக்குமாடி, ஏழாவது மாடி.
இன்றிரவு நான்காம் முறையாகத்
தர்மலிங்கத்தைக் கொல்கிறேன்.

முதல் முறை மழை பெய்தது.
அடுத்ததில்
மகளின் கையைப் பிடித்துக்கொண்டு
அரைப்பக்கம் பேசினார்.
மூச்சுக்குத் தவிப்பவர் அவ்வளவு பேசுவாரா?
அடித்துவிட்டேன்.
மூன்றாவதில் எல்லாரும் அழுதார்கள்,
என்னைத் தவிர.

இப்போது அவரைப் பேசவிடவில்லை.
பினாங்கு பொது மருத்துவமனை.
கட்டில் கம்பியில் தொங்குகிறது
ரப்பர் வளையம் போட்ட தே ஓ பொட்டலம்,
சீனி குறைவு.
ஸ்ட்ரா மறந்துபோய்
மறுபடி கீழே இறங்கினாள் மகள்.
திரும்பி வந்தபோது
தேநீர் இன்னும் சுட்டது.

அங்கேயே நிறுத்திவிட்டேன்.

விடிந்ததும் கடையில்,
'தே ஓ ஒன்று கட்டுங்கண்ணே, சீனி குறைவா'
என்று கேட்டு வாங்கினேன்.
எனக்கு
இனிப்பில்லாமல் இறங்காது.